சனாவின் குரல்

ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) படத்தில், தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வந்து காமிராக்கள் முன் நிறுத்துகிறது. அவள் கூசி ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ரோபோவுக்கு உணர்ச்சி இல்லாததே குறை என்று படம் முடிவுகட்டிவிடுகிறது. அவளை ஓட வைத்த கண்களை யாரும் கேட்கவில்லை. குளியலறையில் கைப்பேசி ஒளிந்திருக்குமோ என்று தேடிப் பார்த்துவிட்டுக் குளிக்கும் விடுதி மாணவிகளுக்கு இது அறிவியல் கற்பனையே அல்ல.

ஆனாலும் அதில் சனா இருக்கிறாள், மருத்துவ மாணவி. சிட்டியின் காதலை மறுக்கிறாள். பிற்பாதிக் கதை நகர்வதே அந்த மறுப்பால்தான்.

2018இல் வந்த ‘2.0’வில் அதே சனா வெறும் தொலைபேசிக் குரல். சிரிப்புக்காக வசீகரனை நச்சரிக்கிறாள். திரையில் அவருடன் இருப்பது நிலா, அவரே உருவாக்கிய பெண் ரோபோ, உதவியாளர். மறுக்கத் தெரிந்தவள் போய், உதவிக்கென்றே செய்யப்பட்டவள் வந்திருக்கிறாள்.

பறவைகளுக்காகப் பேசும் படமாயிற்றே என்பார்கள். உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. பறவைகளின் அருமை எங்களுக்கும் தெரியும். பக்ஷிராஜனுக்குப் பிறப்பிலிருந்து கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கில் தொங்கியதுவரை முன்கதை சொல்ல நேரமிருந்த படம்தான், சனாவின் முகத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை.