தாயின் சம்மதம்

ஜனங்கள் விரும்பிப் பார்க்கிற படம் என்றாலே முகம் சுளிக்கிற விமரிசகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. லட்சக்கணக்கான பேர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது ஏதோ ஒன்று அதில் இருக்கத்தான் இருக்கிறது. அது என்னவென்று யோசிப்பது நாவல் எழுதுகிறவனுக்கும் உபயோகமான காரியம்தான்.

1995-ல் வெளிவந்து, பம்பாய் மராத்தா மந்திர் தியேட்டரில் 1000 வாரங்களுக்கு மேல் ஓடிய 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்ற ஹிந்திப் படத்தை அந்த எண்ணத்தோடுதான் மறுபடியும் பார்த்தேன். லண்டனில் கடை வைத்திருக்கும் பல்தேவ் சிங், பஞ்சாபிலுள்ள நண்பரின் மகனுக்குத் தம் மகள் சிம்ரனைக் கொடுப்பதாக வெகு காலத்துக்கு முன்பே வாக்களித்திருக்கிறார். அவள் வேறொருவனைக் காதலிப்பது தெரிந்ததும், குடும்பத்தோடு பஞ்சாபுக்குக் கிளம்பிவிடுகிறார். காதலன் ராஜ் பின்னாலேயே வந்து, மாப்பிள்ளையின் நண்பனாகக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறான்.

விஷயம் தெரிந்ததும் சிம்ரனின் தாய் தன் நகைகளை எடுத்து நீட்டி, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடும்படி அவனிடம் சொல்கிறாள். பெண்ணாய்ப் பிறந்து தான் விட்டுக்கொடுத்ததையெல்லாம் முன்பு மகளிடம் சொல்லி அழுதவள் அவள். அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வர எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும்! ராஜ் மறுத்துவிடுகிறான். தகப்பனார் மனமொப்பிக் கொடுத்தால்தான் ஏற்பானாம். முதல் தடவை பார்த்தபோது, எவ்வளவு நல்ல பிள்ளை என்று நானும் மகிழ்ந்துதான் போனேன்.

அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெற்றவர்களை அழவைத்துவிட்டு வாழத் தொடங்கக்கூடாது என்று நினைப்பது கோழைத்தனம் அல்ல. ஆனால் பெற்றவர்களில் ஒருத்தி சம்மதித்துவிட்டாளே, அது சம்மதம் இல்லையா? பெண்ணும் தாயும் இசைந்த பிறகும் ஏதோ குறைகிறது என்றால், குறைவது அன்பு அல்ல, சொத்துக்காரரின் கையெழுத்து. குடும்ப கௌரவத்தைக் காக்கவேண்டியவர்கள் பெண்கள். பத்திரம் மட்டும் தகப்பனார் பெயரில்! இந்த ஒரு விஷயத்தில் கதாநாயகனுக்கும் அந்தக் கிழவருக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது.

கடைசியில், ரயில் நகரும்போது பல்தேவ் சிங் மகளின் கையை விட்டுவிடுகிறார். அம்ரீஷ் புரி அந்த இடத்தில் பிரமாதமாக நடித்திருக்கிறார். அவர் கையை விடாமல் இருந்திருந்தால்? படம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

21 வருஷம் கழித்து, 2016-ல், நாக்ராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான 'சைராட்' கேட்டது. ஆர்ச்சி செல்வாக்குள்ள நிலச்சுவான்தாரின் மகள். பர்ஷ்யா, தாழ்ந்ததாகக் கருதப்படும் ஜாதியைச் சேர்ந்த மீன்பிடிக்கிறவரின் மகன். ஹைதராபாத்துக்கு ஓடிப்போய், உழைத்துப் பிழைத்து, ஒரு குழந்தையும் பெறுகிறார்கள். ஆர்ச்சி தாயோடு டெலிபோனில் பேசுகிறாள். பிறகு அவள் சகோதரன் உறவினர்களோடு வருகிறான். கையில் பரிசுப் பொருள்கள். அவள் டீ போட்டுக் கொடுக்கிறாள். இருவரையும் கொன்றுவிட்டுப் போகிறார்கள். வெளியே போயிருந்த குழந்தை வந்து பார்க்கிறது. திரும்பி நடக்கும்போது அதன் பாதம் பட்ட இடமெல்லாம் ரத்தம். படத்தில் அப்போது ஓசையே இல்லை. இங்கேயும் தாயின் அன்பு கணக்கில் வரவில்லை.

'சைராட்'டையும் ஜனங்கள் திரள்திரளாகப் போய்ப் பார்த்தார்கள். ஆகவே, இனிப்புத் தடவித்தான் கொடுக்கவேண்டும் என்ற சாக்கு இனிச் செல்லாது. வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 2018-ல் சொல்லிவிட்டது. தகப்பனாரின் ஆசியைக் கதாநாயகன் நாடட்டும், அதில் தவறில்லை. ஆனால் அவன் வேண்டாமென்றது நகைகளை மட்டுமல்ல. ஒரு தாய் தன் ஆயுளில் முதல் தடவையாகச் செய்த தீர்மானத்தையும் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை நாம் ஒழுக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.