ஒற்றைச்சொல் விடைகளும் மலையகமும்: பொது அறிவு வினாவிடை குறித்து ஒரு விமரிசன நோக்கு

பொது அறிவு வினாவிடை நூல்களை இலக்கியமாகக் கொள்வோர் இலர். ஆயினும், தோட்டப் பாடசாலையிற் கற்று உத்தியோகம் நாடும் மலையக இளைஞர், கதை கவிதைகளைக் காட்டிலும் கூடுதலாக மனனஞ்செய்ய நேர்வது இவற்றையே எனலாம். விஞ்ஞானம், வரலாறு, புராணம், திரைப்படம் ஆகிய துறைகளின் செய்திகள் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறும் இவ்வடிவம், போட்டிப் பரீட்சைகளின் வாயிலாகப் பலரது வாழ்வையும் தீர்மானிக்கின்றது. எனவே, அது எதனை வினவுகின்றது, எதனை வினவாது விடுகின்றது என்பது விமரிசனத்துக்குரிய பொருளாகும்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 'இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையை ஆரம்பித்தவர் யார்?' என்னும் வினாவுக்கு ஜேம்ஸ் டெய்லர் என்பதே விடை. அவர் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிட்டார் என்பது உண்மையே. ஆயின், பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1824இலேயே சீனத் தேயிலைச் செடி நடப்பட்டது. புசல்லாவையில் மொரிஸ் வோர்ம்ஸ் என்பார் 1841இல் தேயிலை நட்டார். 'ஆரம்பித்தல்' என்னும் சொல்லை எப்பொருளிற் கொள்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும். இதனினும் முக்கியமானது பிறிதொன்று. காட்டை வெட்டியோரும் குழி தோண்டியோரும் கன்று நட்டோரும் இவ்வினாவுக்கு ஒருபோதும் விடையாக முடியாது. பலரது உழைப்பு ஒற்றைப் பெயருக்குள் அடங்குவதில்லை. ஒற்றைப் பெயரையே விடையாக ஏற்கும் வடிவம் அவ்வுழைப்பைப் புறத்தே நிறுத்திவிடுகின்றது.

விஞ்ஞான வினாக்களின் நிலையும் இதுவே. 'கோப்பிச் செய்கையை அழித்த நோய் எது?' என்பதற்கு இலைத்துரு நோய் என்றும், அதனை உண்டாக்குவது ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசு என்றும் விடை கூறப்படும். இந்நோய் இலங்கையில் 1869இல் இனங்காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய மார்ஷல் வோர்ட், இடையீடின்றிப் பரந்துகிடந்த கோப்பித் தோட்டங்களே நோய் பரவ வழிசெய்தன எனக் காட்டினார். இலாபங் கருதிய ஒற்றைப்பயிர் முறை தன் அழிவுக்குத் தானே பாதை வகுத்தது என்பது இதன் பொருள். பருவகாலத்திற் பழம் பறிக்க வந்து ஊர் திரும்புவதே கோப்பிக் காலத் தொழிலாளரது பெருவழக்கு. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். ஆதலால் குடும்பங்கள் லயங்களில் நிலைத்துத் தங்கின. பங்கசின் பெயரை ஒப்புவிக்கும் மாணவன், தன் முன்னோர் ஊர் திரும்பாமைக்கு அப்பங்கசும் ஒரு காரணம் என்பதை அந்நூலில் காணமாட்டான்.

புராணத்தைப் பொறுத்தவரை, 'சீதை சிறைவைக்கப்பட்ட இடம் எது?' என்ற வினாவுக்கு நுவரெலியாவுக்கும் ஹக்கலைக்கும் இடையிலுள்ள சீத்தாஎலிய விடையாகிறது. ஐதிகம் இங்கே வரைபடத்திற் குறிக்கத்தக்க தகவலாகிவிடுகின்றது. ஆனால், மக்கள் மரபு புராணத்தை இவ்வாறு கையாண்டதில்லை. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், மன்மதன் சிவனால் எரிக்கப்படுகிறான், ரதி புலம்புகிறாள். இதே கதையை வைத்துத் தமிழகத்தின் தஞ்சை வட்டாரத்தில் பாடப்படும் லாவணியில், எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமர்ந்து விடியும்வரை வாதிடுவதுண்டு. அதுவும் வினாவிடையே. எனினும், விடையைக் காட்டிலும் வாதத்தின் வன்மையே அங்கு அறிவாக மதிக்கப்பட்டது.

திரைப்படத் துறையில் மலையகத்தார் விரும்பிக் கேட்கும் வினா, எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் எது என்பதாகும். அவர் 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர். இப்பெருமிதம் இயல்பானதே. ஆயின் அவரோ குழந்தைப் பருவத்திலேயே இந்நாட்டைவிட்டு நீங்கியவர். இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தவரும் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளையும் அதே மதிப்புடன் வினவப்படவேண்டியவரல்லரோ?

அவ்வாண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றையேனும் வெல்லவில்லை. 'எத்தனை?' என்று கேட்டால் ஏழு, பூச்சியம் என்னும் எண்கள் கிடைக்கும். 'ஏன்?' என்று கேட்டாலன்றோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் வெளிப்படும்? சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் இவ்வாறே '1964' என்ற ஆண்டாகச் சுருங்கிவிடுகின்றது. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பின்னர் தீர்மானிக்கப்படவேண்டியோர் 150,000 பேர் என மனிதர் பங்கிடப்பட்டபோது, அம்மனிதரிடம் எதுவும் வினவப்படவில்லை என்பதே அறியவேண்டிய செய்தியாகும்.

இவற்றால் பொது அறிவு நூல்களைப் புறக்கணிக்கவேண்டும் என்பது கருத்தன்று. நூலகமற்ற தோட்டத்து மாணவனுக்கு மலிவு விலையில் உலகை அறிமுகஞ்செய்தவை அவையே. வேண்டுவது வினாக்களின் திருத்தமாகும்: 'யார்?' என்பதன் அருகே 'யாருடன்?' என்பதும், 'எப்போது?' என்பதன் அருகே 'எதனால்?' என்பதும் இடம்பெறல் வேண்டும். அதனைச் செய்யவேண்டியோர் வினாக்களைத் தயாரிக்கும் ஆசிரியரும், நாளை ஆசிரியராகவிருக்கும் பல்கலைக்கழக மாணவருமே.

தோட்ட வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாளைய வேலைக்குப் பதியப்படும் கணக்காகும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' மட்டுமே விழும். செக்றோலில் இவ்வாறு நாள்தோறும் பேர் பதியப்பட்டோர், பொது அறிவின் ஏட்டில் அரைப்பேரும் பெறவில்லை. இக்குறை நீங்கும்வரை அவ்வறிவைப் 'பொது' என்பது பொருந்தாது.