முற்றும் பூசணியும் தண்ணீர்க் கட்டுப்பாடும்

இராட்சதப் பூசணி வளர்ப்போரிடையே, காய் முற்றும் பருவத்தில் தண்ணீரைக் குறைத்து, தழைச்சத்தை நிறுத்தி, கொடி நுனிகளையும் கிள்ளிவிடுவது நெடுநாளைய வழக்கம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் தேர்ந்து வளர்த்த 'அட்லாண்டிக் ஜயண்ட்' இனத்தின் சந்ததிகள், உச்ச வளர்ச்சியில் ஒரே நாளில் பதினைந்து கிலோவுக்கு மேலும் எடை கூடுபவை. 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் வென்ற காய் ஏறக்குறைய 1,247 கிலோ இருந்தது. உள்ளே சதை அத்தனை வேகமாக உப்பிக்கொண்டிருக்க, மேல்தோலோ நாளுக்கு நாள் இறுகி நெகிழும் தன்மையை இழந்துவிட, காய் பிளக்கிறது. பிளவு உட்குழி வரை எட்டிவிட்டாலோ போட்டித் தராசில் ஏறும் தகுதியே பறிபோகிறது.

ஆகவே, வெடிப்பைத் தடுக்கவேண்டுமென்ற இக்கட்டுப்பாட்டின் நோக்கத்தில் குற்றமில்லை. தழைச்சத்தை நிறுத்துவது சந்தேகமின்றி நல்ல காரியம். ஆனால் நுனி கிள்ளுவதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு: புதுத் தளிர்களுக்குப் போகவேண்டிய சாரமும் காய்க்கே திரும்புமாதலால், பருவத்தின் தொடக்கத்தில் காயைப் பெருக்கச் செய்யும் அந்த உபாயத்தையே கடைசியில் வெடிப்பைத் தடுக்கவும் கையாள்வது பரஸ்பர விரோதம். தண்ணீரை அறவே நிறுத்துவது இன்னும் அபாயகரமானது. காய்ந்த மண்ணில் திடீரெனப் பெருமழை இறங்கினால், வேர் ஒரே மூச்சில் உறிஞ்சும் நீர், இறுகிய தோலுக்குள் புகுந்து, எதைத் தடுக்க முனைந்தோமோ அதையே விளைவிக்கிறது. விடியற்காலையில் காம்படியைத் தடவிப் பாருங்கள்: மயிரிழை போன்ற கீறலும் அதன் ஓரத்தில் துளிர்த்த பிசினும் முதலில் அங்கேதான் தென்படும்.

மலேசியாவின் நிபோங் திபாலில் இம்முறையைப் பின்பற்றுவோர் கவனிக்கவேண்டியது, இது இலையுதிர்காலம் உள்ள தேசங்களில் பிறந்த முறை என்பதே. அங்கே பகல் குறுகிக் குளிர் இறங்குவதால் வளர்ச்சி தானே தணிகிறது; இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம், இரவிலும் உஷ்ணம். ஆயிரம் கிலோவை இச்சமவெளியில் எதிர்பார்ப்பது வீண். எனினும் வேலியோரத்து நாட்டுப் பூசணிக்கும் வெடிப்பின் விதி அதுவேதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழையை எந்தத் தோட்டக்காரரால் நிறுத்தமுடியும்? கிரியான் ஆற்றை ஒட்டிய இக்களிமண் பூமியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் அறிந்திருந்தபடி, நீரைத் தடுப்பதைவிட வடித்துவிடுவதே பிரதானம். மேட்டுப் பாத்தி அமைத்து, மூடாக்கினால் மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைத்து, காய்மேல் வெயில் நேரே படாதபடி நிழல் கொடுத்தால், தோல் சீக்கிரம் இறுகுவதுமில்லை. நீர் திடீரெனப் பாய்வதுமில்லை. தண்ணீரைக் குறைத்தே ஆகவேண்டுமென்போர், நவம்பர்க் கடைசியில் விதை ஊன்றினால், காய் பருக்கும் காலம் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அமைவதால், சில வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைத்து, ஏப்ரல் மழைக்கு முன் காம்போடு அறுத்துவிடலாம்.