மறுப்புப் பதிவும் அனுமதி விதியும்: எஸ்இலினக்ஸ் கொள்கையாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003இல் லினக்ஸ் கெர்னலின் 2.6 வரிசையில் இடம்பெற்றது. ஒரு பின்னணிச் சேவை எக்கோப்புகளை அணுகலாம் என்பதைக் கோப்பின் உரிமையாளர் மட்டுமன்றி, கணினி முழுமைக்குமான கொள்கையும் தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இக்கொள்கையை விரிவாக்கப் பரவலாகப் பயன்படும் 'ஆடிட்2அலோ' என்னும் கருவி, மறுக்கப்பட்ட அணுகல்களின் பதிவைப் படித்து, அவற்றை அனுமதிக்கும் விதிகளை ஆக்கித் தருகிறது. விதியெழுதும் உழைப்பை அது பெரிதும் குறைக்கிறது என்பது உண்மையே. ஆயின், அம்மறுப்பு முறையானதா என்பதை அது ஆராய்வதில்லை.

சான்றாக, பயனரின் இல்ல அடைவிலிருந்து வலைத்தளத்திற்குரிய வழக்கமான அடைவுக்கு 'எம்வி' கட்டளையால் நகர்த்தப்படும் கோப்பு, தன் பழைய வகைக்குறியையே தக்கவைத்துக்கொள்கிறது. அதனால் அப்பாச்சி சேவைக்கு அணுகல் மறுக்கப்படுகிறது. இங்குப் பிழை குறியில் உள்ளதேயன்றிக் கொள்கையில் இல்லை; 'ரெஸ்டோர்கான்' கட்டளையால் குறியைத் திருத்துவதே போதுமானது. மாறாக, பதிவிலிருந்து பெற்ற விதியை ஏற்றினால், அவ்வகைக்குறியுடைய பயனர் கோப்புகள் அனைத்தின்மீதும் அச்சேவைக்கு இக்கொள்கை விதித்திருந்த தடை தளர்ந்துவிடும்.

ஆகவே, கருவி தரும் விதியை ஆய்வுக்குரிய முன்மொழிவாக மட்டுமே கொள்ளல் தகும். சேவை எவற்றை அணுகலாகாது என்பதை முதலில் வரையறுத்த பின்னரே அவ்விதியை ஏற்பதா என முடிவு செய்ய வேண்டும்.