சூசோவின் அளவுகோல்

சீன மரத்தளவாடம் என்றதும் கலைநூல் பயின்றோர் நெஞ்சில் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றே. மெலிந்த கால்கள், செதுக்கு வேலை அருகிய சட்டங்கள், அமர்வோரின் முதுகைத் தாங்கி இரு கைகளாக இறங்கும் வளைந்த சாய்வு, மரத்தின் வரியையே அணியாகக் கொண்ட தேன்நிறம். மிங் காலத்தின் பிற்பகுதியில் சூசோ நகரையொட்டி முதிர்ந்த பாணி இது. இதன் அழகை மறுப்பாரிலர். ஆயினும், இதனையே சீனத் தச்சின் முழுமை எனக் கொண்டு, பிற வட்டாரங்களின் பணியை இதன் சிதைவு என்று தள்ளிவிடும் போக்கு ஆராயத்தக்கது.

இவ்வளவுகோலை வகுத்தோர் யாவர்? சூசோவில் பிறந்த வென் ஜென்ஹெங், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய நூலில், எந்தக் கட்டில் சான்றோர் இல்லத்திற்கு ஏற்றது, எந்த மேசை கொச்சையானது என்றெல்லாம் தீர்ப்புரைத்தார். தீர்ப்புரைத்தவரும் பாராட்டுப் பெற்ற பொருளும் ஒரே ஊர் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர், 1944இல் பீக்கிங்கில் குஸ்தாவ் எக்கே வெளியிட்ட நூலும், 1985இல் வாங் ஷிஷியாங் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடித்தளமாயின. அவர்தம் தொண்டு பெரிது. ஆனால் அவர்கள் கண் மிகுதியும் கடின மரத்தின்மீதே நின்றது.

சூசோவின் எளிமையைக் கற்றோரின் துறவுள்ளம் என விளக்குவது வழக்கம். அது பாதி உண்மை. 1567இல் மிங் அரசு கடல் வாணிகத் தடையைத் தளர்த்திய பின்னர்த் தென்கடல் நாடுகளின் கடின மரம் அங்கு வந்தது. எனினும் அது விலைமிக்க சரக்காகவே இருந்தது. சிங் காலத்தில் மரம் மேலும் அருகவே, சூசோத் தச்சர் சிறு துண்டையும் வீணாக்கவில்லை. உள்ளே மலிந்த மரத்தை வைத்து, வெளியே மெல்லிய உயர்மரத் தகடு பொதிந்தனர். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்புறத்தில் கருமையான பூச்சு தென்படும். ஈரம் புகாமல் காப்பதோடு, கலந்த மரத்தை மறைப்பதும் அதன் பணி. சிக்கனமும் ஓர் அழகைப் படைக்கவல்லது என்பதற்கு இது நல்ல சான்று. அதனை ஞானம் என்று மட்டும் பெயரிடுவதே பிழை.

குவாங்சோவின் நிலை வேறு. 1757 முதல் 1842 வரை மேனாட்டார் வாணிகத்துக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகம் அது. மரம் கப்பல் கப்பலாக இறங்கிற்று. ஆகவே அவ்வூர்த் தச்சர், வளைந்த காலைக் கூடப் பல துண்டுகளை ஒட்டாமல் ஒரே கட்டையிலிருந்து அறுத்தெடுத்தனர். ஒரு பொருளுக்கு ஒரே மரம். அடியில் மறைக்க ஏதுமில்லாமையால் பூச்சும் இல்லை. சாய்வில் சலவைக்கல், சட்டமெங்கும் முத்துச்சிப்பி இழைப்பு, ஐரோப்பியக் கொடிப்பூக்கள். இவற்றுள் பிற்காலத்தன சில, விரல் வைக்க இடமின்றிச் செதுக்கப்பட்டுக் கண்ணை அயர்த்துவன என்பதை நானும் ஒப்புவேன். எனினும், மரத்தின் நேர்மையை அளவுகோலாகக் கொண்டால் குவாங்சோவே முன்நிற்கும் என்பதைச் சூசோவின் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிங் அரண்மனை இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. அதன் பணிமனையில் பொதுவான மரவேலைப் பிரிவோடு குவாங்சோப் பாணிக்கெனத் தனிப்பிரிவும் இயங்கியது. இவ்விரு மரபும் அரசரின் விருப்பமும் கலந்தே பீக்கிங் பாணி பிறந்தது. அப்பேரரசர்கள் பெரிதும் விரும்பிய கருஞ்சிவப்பு மரம், நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் செஞ்சந்தனமே என்பது தமிழர்க்கு ஒரு சுவையான செய்தி.

ஷான்ஸி மாநிலமோ கடல் காணாதது. அங்கே உள்ளூர் மரங்களான எல்மும் அக்ரூட்டுமே தச்சருக்குக் கிடைத்தன. மேலே மரப்பால் மெருகு. குளிர்காலத்தில் அடியில் அனலூட்டப்படும் செங்கல் திண்ணைமீது குடும்பமே அமர்ந்திருக்க, அதற்கேற்பக் குட்டைக்கால் மேசைகள் தோன்றின. இவற்றைச் சூசோ நாற்காலியோடு நிறுத்தி உயர்வு தாழ்வு பேசுவது, திண்ணையையும் ஊஞ்சலையும் ஒப்பிடுவது போன்றது. நிங்போவின் செம்பொன் மணக்கட்டில்களும் எலும்பிழைத்த பேழைகளும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

மலாக்காவிலும் பினாங்கிலும் பாபா நியோன்யா இல்லங்களின் கூடங்களில் வரிசையாக நிற்கும் கரிய நாற்காலிகள், சலவைக்கல்லும் சிப்பியும் பதித்த குவாங்சோ மரபினவே. சில கப்பலேறி வந்தவை. சில இங்குக் குடியேறிய சீனத் தச்சரின் கைவண்ணம். வெப்பநாட்டில் முதுகுக்குக் குளிர்ச்சி தரும் கல்லை ஆடம்பரம் என்று மட்டும் எவ்வாறு சொல்வது? செல்வப் பகட்டும் அதில் உண்டு. வந்தேறிய வணிகன் தன் நிலையை விருந்தினர்க்கு உணர்த்தவும் அவற்றை வாங்கினான். அந்நாற்காலிகளைக் காணச் செல்வோர் ஒருமுறை குனிந்து அடிப்புறத்தையும் நோக்குதல் நன்று. பூச்சற்ற மரமும், ஆணியின்றித் துளையில் கழுந்து அமர்ந்த இணைப்பும் அங்கே தெரியும்.