இரண்டாம் ஜாமங்களின் கதை: உம்மாவும் மகளும் பேசாத இடம்

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. முஸ்லிம் பெண்களின் மௌனத்தை உடைத்த நாவல் என்றே அதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தவணை விடுமுறையில் திரும்ப வாசித்தபோது, அந்த வீடுகளில் மௌனத்தைவிடச் சத்தமே எனக்குக் கூடுதலாகக் கேட்டது. பெண்கள் நாலு பேர் கூடினால் உடம்பைப் பற்றித்தான் கதை. யாருக்கு இன்னும் பிள்ளையில்லை, யாருடைய மாப்பிள்ளை எப்படி என்று பச்சையான பகிடிகள். ஆனால் குமர்ப்பிள்ளை ஒன்று வந்து நின்றால் கதை மாறிவிடுகிறது.

ராபியா என்ற சிறுமிக்கு அரைகுறையாகக் காதில் விழுவதுதான் பாடம். படம் பார்க்கப் போனதற்கு உம்மாவிடம் அடி கிடைக்கிறது. விளக்கம் கிடைப்பதில்லை. அவளுக்கு மூத்த வஹிதாவின் கலியாணத்துக்கு வீடே ஆயத்தமாகிறது. அவளை மட்டும் யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை. இதைச் சல்மா குரலுயர்த்தாமல், சமையலுக்கும் விருந்துக்கும் நடுவே எழுதிக்கொண்டு போகிறார். நாவலின் பலம் அங்கேதான்.

எனக்குள்ள குறை வேறு. இந்த நாவலில் மார்க்கம் பெரும்பாலும் தடையாகவே வருகிறது. நம் பெண்களுக்குக் கூச்சமில்லாத ஒரு சொற்தொகுதியையும் அதே மார்க்கம் தந்திருக்கிறது என்பதை நாவல் கவனிக்கவில்லை.

மடவளையில் எந்த உம்மாவும் மகளிடம் "தொழுக ஈக்கா, இல்லையா?" என்று கேட்பார். வாப்பா பக்கத்தில் இருந்தாலும் கேட்பார். ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா என்ற சொற்கள் குர்ஆன் மத்ரஸா போன பிள்ளைக்குத் தெரியும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் குறைந்த அளவு ஒரு நாள், கூடியது 15 நாள். 6 அல்லது 7 நாள் வழமை. அதாவது, நாள் கணக்கு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இன்று டொக்டர் முதலில் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் தனக்கு இரத்தம் நிற்கவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே நேரில் போய்க் கேட்டார். அது ஹைழ் அல்ல, நரம்பிலிருந்து வருவது என்று பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. வழமையான இரத்தமும் வழமையல்லாத இரத்தமும் வேறுவேறு என்று பிரித்துச் சொன்ன பதில் அது.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு பாதியில் நின்றுபோகிறது. 15 நாள் தாண்டினால் "குளிச்சிட்டுத் தொழு" என்பதோடு சரி. ஏன் தாண்டியது என்று யாரும் கேட்பதில்லை. சுருண்டு படுக்கும் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, "கலியாணம் முடிச்சா சரியாகும்" என்று ஒரு வாக்கும் கொடுப்போம். மாதம் இரண்டு நாள் வரவுப் பதிவேட்டில் விழும் அந்த வெற்றிடத்தை வகுப்பாசிரியையாக நான் வருடக்கணக்கில் பார்க்கிறேன். எண்டோமெற்றியோசிஸ் என்ற நோய் இப்படிப்பட்ட வலியாகவும் வரலாம், பதின்ம வயதிலேயே தொடங்கலாம், கலியாணம் அதற்கு மருந்தாகாது. கூடுதலாக இரத்தம் போனால் இரத்தச்சோகை வரும். பிள்ளை தூங்கி வழிவதைச் சோம்பல் என்று நாமும் ஏசுகிறோம்.

இந்த நாவலைக் குமர்ப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சமூகத்தை வெளியாருக்குக் காட்டிக்கொடுத்த புத்தகம் என்ற கோபமும் உண்டு. ஒரு நாவலை வாசித்துவிட்டு முழுச் சமூகத்தையும் எடைபோடுகிறவர்கள் இருப்பதால் அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதிலுள்ள பகிடிகளைவிட மோசமானவை இன்று பிள்ளையின் கைப்போனில் கிடக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கீழே நான் கொடுக்கமாட்டேன். உம்மாமாருக்குக் கொடுப்பேன்.

அப்படி வாங்கிப் போன ஒரு உம்மா, பாதி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். "இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச கததானே டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகளுக்கு இந்த முறை 20 நாளாகியும் நிற்கவில்லை, எந்த டொக்டரிடம் காட்டலாம் என்று கேட்டார்.