சாயத்தொட்டியின் குமிழிகள்

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் எல்லோரும் தறியைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது சாயப்பட்டறை. அடுப்பில் தண்ணீர் சூடேறும்போது அடியிலிருந்து கிளம்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

குமிழி காலியாக மேலே வருவதில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் அடித்தண்ணீரும் இழுபட்டு ஏறுகிறது. ஏறியதற்கு ஈடாக ஓரங்களில் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த குமிழி நேராகப் போகாது, வளைந்து நெளிந்து ஏறும். இதை டா வின்சியே கவனித்து எழுதியிருக்கிறார். பட்டின் பிசினை நீக்கும் சோப்புத் தண்ணீரில் குமிழியின் வேகம் குறையும். அதன் மேல்தோலில் சோப்பு படிந்து இறுக்கிவிடுகிறது.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு செரிசின் என்கிற அந்தப் பிசின்தான். அது கரைந்து போனால்தான் இழை மின்னும். சாயம் ஏற்றும்போதோ, இழையை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் சாயம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே புதுச் சாயம் வந்து சேர, தண்ணீர் அசைய வேண்டும். அசையாவிட்டால் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

ஆனால் தளதளவென்று கொதிக்கவிட்டால் பட்டுநூல் கழிகள் சிக்கிக்கொள்ளும், இழைகள் உரசிப் பட்டின் பளபளப்பு மங்கும். அதனால் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே சூட்டை நிறுத்தி, கோலில் தொங்கும் கழிகளைக் கையால் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குமிழி பாதி, கை பாதி. மாம்பழ மஞ்சளோ அரக்கோ, முந்தானைவரை ஒரே நிறமாக ஓடுவது இந்தக் கூட்டு வேலையால்தான்.